குறட்டை நின்றால்

— மெதுவா பாப்பா, மெதுவா! மீசையில பாதி உன் பிளாஸ்திரியோட வந்துடும் போலகீது. சரி, அத்த வுடு. ராத்திரி டெஸ்ட்டுல கொறட்டை எப்படி? ஆஸ்பத்திரியே அதிர்ந்திருக்குமே?

— அசையாதீங்க ஐயா, நெத்தியில இன்னும் ரெண்டு ஒயர் இருக்கு. கொறட்டை கேட்டுச்சு. விளக்கை அணைச்சதுமே ஆரம்பிச்சிட்டீங்க.

— பாத்தியா! எங்க முதலியார்பேட்டையில வந்து கலியமூர்த்தி வூடு எதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. கொறட்டை டிரைவரு வூடுன்னு கேளு, சின்னக் கொழந்தகூட இட்டாந்து வுடும். நீ அப்படியே ரிப்போர்ட்டுல எழுதிக் குடுத்துடு. பூர்ணிமான்னுதான சட்டையில எழுதிகீது? பூர்ணிமா பாப்பா கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும்.

— அப்படி எழுத முடியாதுங்களே.

— ஏன் முடியாது?

— கொறட்டை விட்ட நேரம் பூரா நீங்க முழிச்சிக்கிட்டு இருந்தீங்க.

— இன்னா பேசற நீ?

— தலையில ஒட்டின ஒயரெல்லாம் அலங்காரத்துக்கு இல்லைங்க ஐயா. மூளை தூங்குதா, முழிச்சிருக்கான்னு கோடு போட்டுக் காட்டும். இந்தத் திரையைப் பாருங்களேன். வாய் கர்ர்ருன்னு இழுக்குது, மூளை சுறுசுறுப்பா உக்காந்திருக்கு. நடுவுல கொறட்டையை நிறுத்திட்டு ஒரு கொசு அடிச்சீங்க. அடிச்சிட்டு விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தீங்க.

— கொசு அடிச்சதுமா தெரியுது?

— அந்த மூலையில கேமரா இருக்கு பாருங்க.

— எம்மா! இது மெஷினா, சித்ரகுப்தனா?

— கொறட்டையே விடமாட்டேன்னு சாதிக்கிறவங்களத்தான் நான் பாத்திருக்கேன். நடிச்சுக் காட்டினவரு நீங்க ஒருத்தர்தான். எதுக்குங்க ஐயா?

— கேளு பாப்பா. நான் வேலை பாத்த மில்லு மூடுனப்பறம் எனுக்குக் கெடைச்சது இந்த பஸ்ஸு வேலை. இங்கயே பக்கத்துல மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனி, ஆளுங்கள ஏத்தி எறக்கணும். போன மாசம் கம்பெனி கேட்டாண்ட வர்றப்ப கண்ணு சொருகிப் போச்சு. தூணுல கொண்டுபோயி வுட்டுட்டேன். வண்டியில ஆளு இல்ல, தெய்வம் காப்பாத்துச்சு. குடிச்சியான்னு ஊதச் சொன்னானுங்க. நான் டீய வுட்டா ஒண்ணத்தையும் தொடமாட்டேன். அப்பறம் எவனோ மேனேஜருகிட்ட சொல்லிகீறான், இவன் பெரிய கொறட்டை ஆளு, அது ஒரு வியாதி, பகல்ல தூக்கம் தள்ளும்னு. அவரு இன்னா சொல்லிட்டாருன்னா, டெஸ்ட் எடு, வியாதின்னா வைத்தியம் பாத்துட்டு வந்து ஸ்டியரிங்க புடி, ஒண்ணுமில்லன்னா தூங்குமூஞ்சிக்கு இங்க வேலை இல்ல. இப்ப சொல்லு, எனுக்கு கொறட்டை வேணுமா, வேணாமா?

— வேணும்தான். ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குதே. நிஜமாத் தூங்கினப்புறம் உங்ககிட்ட இருந்து ஒரு சத்தம் இல்லைங்க. கைக்கொழந்தை மாதிரி மூச்சு. அப்புறம் எப்படித் தெரு பூரா அந்தப் பேரு?

— அது... அப்படியே வந்துச்சு.

— வீட்டுல வேற யாரு இருக்கீங்க?

— கதவ சாத்து பாப்பா.

— சாத்தித்தான் இருக்கு.

— என் சம்சாரம். பாக்கியலட்சுமி. எங்களுக்கும் பக்கத்து வூட்டுக்கும் ஒரே செவுரு. அங்க ஒரு சொல்தா தாத்தா இருந்தாரு, பிரெஞ்சு பட்டாளத்துல குண்டு சத்தத்துலயே தூங்குன மனுசன். அவரே ஒரு நா வாசல்ல வந்து நின்னுகினு, யாருய்யா உங்க வூட்டுல ராத்திரியில மரம் அறுக்கறதுன்னு கேட்டுட்டாரு. அவரு மருமவ செல்வாம்பாள் வாயப் பொத்திகினு சிரிக்குது. பாக்கியம் என் மூஞ்சியப் பாக்குது. நாந்தான் தாத்தான்னுட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல, வந்துடுச்சு. என் பொண்ணு அப்ப இஸ்கூல் சேரல. இப்ப அதுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. பேரு மட்டும் ஒட்டிகினே கீது.

— உங்க சம்சாரத்துக்கு இது தெரியுமா?

— அதுக்குத் தெரியாது. அதுங்கிட்டயும் என்னுதுன்னுதான் சொல்லி வெச்சிகீறேன். பொம்பள கொறட்டை வுட்டா தெருவுல இன்னா பேச்சு பேசுவாங்கன்னு உனுக்கா சொல்லணும்? ஒரு கல்யாணம் காட்சிக்குப் போயி நாலு பேரோட படுக்க முடியுமா?

— அவங்க பகல்ல எப்படி இருப்பாங்க?

— அசதிதான், எப்பப் பாரு. எழுந்திரிக்கறப்பவே தலைவலி. முறத்த மடியில வெச்சிகினே தூங்கும். கோயில்ல கதை கேக்கப் போனா சாமி எதிர்லயே தலை ஆடும். என் தங்கச்சி வாய்க்கு வாய் சோம்பேறின்னுவா. பிரஷருக்கு மாத்திரை வேற.

— அந்தக் கொறட்டை ஒரே சீரா வருமா, நடுவுல நிக்குமா?

— நிக்கும், நிக்கும். ஏறிகினே போவும், போவும், டக்குனு நின்னுடும். அப்பத்தான் அப்பாடான்னு இருக்கும். எனுக்குக் கொஞ்சம் கண்ணு அசர்றதே அந்த நேரத்துலதான். அப்பறம் ஹக்குனு ஒரு சத்தம், மறுபடியும் மொதல்ல இருந்து.

— ஐயா... அந்த அப்பாடா நேரத்துலதான் அவங்களுக்கு மூச்சு ஓடல.

— இன்னாது?

— தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து சரியும். கொஞ்சம் சரிஞ்சா காத்து இடுக்குல நுழையும், அதுதான் கொறட்டை. சத்தம் இருக்கற வரைக்கும் காத்து எப்படியோ போய்க்கிட்டு இருக்கு. முழுசா மூடிக்கிட்டா சத்தம் எங்க இருந்து வரும்? நெஞ்சு மட்டும் இழுத்து இழுத்துப் பாக்கும். அப்புறம் மூளை பயந்து எழுப்பிவிடும். நீங்க சொன்ன ஹக் அதுதான். ராத்திரி பூரா இப்படின்னா அவங்க தூங்கறதே இல்லைன்னு வெச்சிக்குங்க. சோம்பேறி இல்லைங்க அவங்க. தெனம் ராத்திரி மூச்சுக்குச் சண்டை போட்டுட்டு காலையில எழுந்து உங்களுக்குச் சோறு ஆக்கறாங்க.

— நான் அத்த அமைதின்னு நெனச்சிகினு இருந்தேனே பாப்பா. நின்னுச்சே, நல்லா தூங்குதேன்னு...

— இருங்க, இருங்க. இப்பத்தான் எனக்கே ஒண்ணு புரியுது. ராத்திரி பூரா உங்க படத்தைப் பாத்துக் குழம்பிப்போய் இருந்தேன். இங்க வந்து பாருங்க. இது நீங்க நல்லாத் தூங்கறப்போ எடுத்தது.

— நானா அது? வாயப் பொளந்துகினு... தே, கையி இன்னா பண்ணுது?

— இடது கை எழும்புதா? பக்கத்துல தடவுது பாருங்க. அங்க ஆள் இல்ல, கட்டில் விளிம்புதான். இப்போ தட்டுது. ரெண்டு தட்டு. மறுபடி தடவுது.

— நான் இப்படிப் பண்ணல பாப்பா. சத்தியமா எனுக்குத் தெரியாது.

— உங்களுக்குத் தெரியாதுதான். கோட்டைப் பாருங்க, நல்ல தூக்கம். தட்டி ஆள் கிடைக்கலன்னதும் ஒரு நொடி முழிப்பு, இதயம் படபடன்னு அடிக்குது, மறுபடி தூக்கம். கொஞ்ச நேரம் போகுது, திரும்பவும் கை. விடிய விடிய இதேதான். தூக்கத்துல பேசறவங்க, காலை உதறறவங்க எல்லாரையும் பாத்திருக்கேன். இதைப் பாத்ததில்ல. கமலா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கனவுல கொழந்தையைத் தூங்க வைக்கிறாரு போலடின்னாங்க அவங்க.

— இன்னாத்த தேடுது அது?

— வீட்டுல உங்க இடது பக்கம் யாரு படுப்பாங்க?

— பாக்கியம்.

— கொறட்டை கேக்கற வரைக்கும் இந்தக் கை சும்மா கிடக்கும். சத்தம் நின்னா எழும்பும். ரெண்டு தட்டு தட்டும். அவங்க ஹக்குன்னு மூச்சு இழுப்பாங்க. கை திரும்பிப் படுத்துக்கும். இத்தனை வருஷமா நீங்க தூங்கிக்கிட்டே பாத்த வேலை இது. நேத்து இந்த ரூமுல உங்க பக்கத்துல ஒரு சத்தமும் இல்ல. யாருக்கோ மூச்சு நின்னுபோச்சுன்னு நினைச்சு அது விடியற வரைக்கும் தேடிக்கிட்டே இருந்திருக்கு.

— ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு பாப்பா. தோ, இந்தக் கையா? கியரு போட, ஸ்டியரிங் புடிக்க, அவ்ளோதான் இதுக்குத் தெரியும்னு நெனச்சேன். நான் தூங்கறப்ப என்னக் கேக்காம ஒரு வேலை பாத்துகினு கீதே!

— எனக்கும் புல்லரிக்குதுங்க. இந்த ரூமுல எத்தனையோ பேரு தூங்கறதைப் பாத்துட்டேன், இப்படி ஒண்ணை இனிமே பாப்பேனான்னு தெரியல.

— அப்ப பஸ்ஸுல எனுக்குக் கண்ணு சொருகுனது...

— ராத்திரி பூரா காவக் காக்கறவருக்குப் பகல்ல தூக்கம் வராதா? கொறட்டை வியாதி உங்களுக்கு இல்லைங்க, வைத்தியம் அவங்களுக்குத்தான் பாக்கணும். அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், டாக்டர்தான் முடிவு சொல்லணும். ஆனா வழி இருக்கு. சின்னதா ஒரு மெஷின், மூக்குல ஒரு மாஸ்க். அது மெல்லக் காத்தை ஊதிக்கிட்டே தொண்டையை மூட விடாமப் பிடிச்சிக்கும். ஒருக்களிச்சுப் படுக்கணும், எடை இருந்தா கொறைக்கணும். அவங்க சரியாத் தூங்கினா உங்க கையும் தூங்கும். இதையெல்லாம் டாக்டரே கம்பெனிக்கு எழுதுவாரு. வேலைக்குப் பயப்படாதீங்க.

— வேலை கெடக்குது வுடு பாப்பா! நேத்து ராத்திரி என் கையி இங்க இருந்துச்சு. அங்க பாக்கியம் பக்கத்துல யாரு?

— பதறாதீங்க ஐயா. கை இல்லன்னாலும் மூளை எழுப்பிவிடும். கொஞ்சம் தாமதமா எழுப்பும், அதனால இதயம் ரொம்பக் கஷ்டப்படும்...

— போனக் குடு. சட்டைப் பாக்கெட்டுல கீது. நீயே போடு. பாக்கியம்னு இருக்கும்.

— ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ரிங் போகுது.

— எடுக்கலியே.

— குழாயடியில இருப்பாங்க.

— கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு ராத்திரி நான் வெளியில தங்குனதில்ல பாப்பா. திருப்பதிக்கு டிரிப் போனாகூட அடிச்சுப் புடிச்சு வூடு வந்து சேந்துடுவேன். எதுக்கு அப்படி ஓடியாந்தேன்னு இன்னிக்குத்தான் தெரியுது. இன்னொருவாட்டி போடு. எடு பாக்கியம், எடுடி...

— போகுதுங்க... எடுத்துட்டாங்க, பேசுங்க.

— இன்னாங்க, டெஸ்ட்டு முடிஞ்சிதா? பொங்கலுக்குத் தாளிச்சிகினு இருந்தேன், கையெல்லாம் நெய்யி.

— பாக்கியம்! நல்லா கீறியா? நேத்து தனியாவா படுத்த?

— நான் ஏன் தனியாப் படுக்கறேன்? பக்கத்து வூட்டு செல்வாம்பாள் அக்காவ இட்டாந்து கூடப் படுக்க வெச்சிகினேன். பாவம், வுடிய வுடிய கண்ணு மூடல. தோ, இங்கதான் ஒக்காந்துனு கொட்டாவி வுடுது. அதுக்குத்தான் பொங்கலு.

— செல்வாம்பாளா? அடிப்பாவி, அந்த வாயையா உள்ள வுட்ட? நான் வூட்டுல இல்லாத ராத்திரி கொறட்டை கேட்டா அது இன்னா நெனைக்கும்?

— நெனைக்க இன்னா கீது? கொறட்டை என்னுதுதான்னு நானே சொல்லித்தான் படுக்க வெச்சேன்.

— உனுக்கு... உனுக்குத் தெரியுமா?

— தெரியாமலா? நீங்க தெரு பூரா என்னுது என்னுதுன்னு சொல்லிகினு திரிஞ்சது கேக்க நல்லா இருந்துச்சு, இருந்துட்டேன். நேத்துதான் வேற வழி இல்ல. மானத்தப் பாத்தா மூச்சு கெடைக்குமா? அக்காகிட்ட சொன்னேன், யக்கா, கொறட்டை வந்தா வுட்டுடு, நின்னா பயப்படு, நின்ன ஒடனே தோள்ல ரெண்டு தட்டு தட்டு, எங்க வூட்டுக்காரு தெனம் அப்படித்தான் தட்டுவாரு, தூங்கிகினேன்னு.

— எனுக்கே தெரியாது பாக்கியம். இப்பத்தான் இந்தப் பாப்பா படம் போட்டுக் காட்டுச்சு. இத்தினி வருஷத்துல ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— எப்படிங்க சொல்றது? உங்களுக்குத் தெரிஞ்சிட்டா அந்தக் கை வராம பூடுமோன்னு பயந்துகினே இருந்தேன்.