வழுக்கி விழுந்தவரின் மனைவி பேசுகிறேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, நான்கு ஆண்டுகள் இந்த வழக்கை நெஞ்சில் சுமந்த சங்கத்துத் தோழர்களே, பெரியவர்களே, வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, வாசலோரம் சீருடையில் நிற்கும் காவலர்களே, இந்த விழாவின் நாயகியாய் வீற்றிருக்கும் இஸ்திரிக்கடை அக்கா அவர்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அக்காவைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். தமிழாசிரியை ஆயிற்றே, சொல்லுக்கா பஞ்சம் என்று நினைத்திருப்பார்கள். நான் பாராட்ட வரவில்லை ஐயா. பொறாமைப்பட வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தாலியிழந்த ஒருத்தியைப் பார்த்துத் தாலியிழந்த இன்னொருத்திக்கு என்ன பொறாமை என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

அக்காவின் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். காணாமல் போன கைப்பேசி ஒன்றுக்காகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனவர்கள், மறுநாள் அவரைப் பிணமாகக் காட்டினார்கள். அது கொலை என்று சென்ற மாதம் தீர்ப்பு வந்தது. அடித்த ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை. உடன் நின்று பிடித்துக்கொண்டவருக்கும் ஆயுள். பொய்க் குறிப்பு எழுதியவருக்கு ஏழாண்டு.

என் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் வேலை பார்த்த வீட்டில் வளையலைக் காணோம் என்று, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, அதே நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அழைத்தவர் அதே ஆய்வாளர்தான். அன்றைக்கு அவர் உதவி ஆய்வாளர். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன், சாப்பாட்டை மூடி வை" என்று சொல்லிக் காலை பத்து மணிக்குப் போனார். மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையிலிருந்து தகவல். கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்காலில் ஏன் காயம்? முதுகில் ஏன் வரிவரியாய் வீக்கம்? எந்தத் தரை ஐயா மனிதனைத் தேடித் தேடி அடிக்கும்?

பிணவறை வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். 'சாவில் சந்தேகம் இல்லை.' கையெழுத்துப் போட்டால்தான் உடல் என்றார்கள். மகளுக்கு ஆறு வயது. "உங்களுக்கும் பொண்ணு இருக்கில்ல டீச்சர்" என்றார் ஒருவர், மிக மென்மையாக. எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். படித்துப் புரிந்து, புரிந்து பயந்து, பயந்தபடியே கையெழுத்துப் போட்டேன்.

தீர்ப்பு வந்த மறுநாள், நான்கு புடவைகளைச் சாக்காக எடுத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து எரிய வேண்டும். அதற்குத்தான் போனேன். இரவெல்லாம் தூங்காதவர் போலத்தான் இருந்தார். பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்கிட்டயும் அதே தாளைத்தான் நீட்டினாங்க டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுங்கன்னேன். ஒரு சின்னப் போலீஸ்காரர் படிச்சார். இன்னொரு தடவைன்னேன். படிச்சார். மூணாவது தடவை படிக்கச் சொன்னப்ப அவருக்குக் குரலே வரல. அப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உடம்பைத் தர மாட்டோம்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. பதினோரு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்."

அந்தக் காவலர்தான், அவையோரே, கூண்டில் ஏறி "நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னவர்.

இப்போது சொல்லுங்கள், பொறாமைப்படாமல் இருப்பேனா? படிக்கத் தெரியாதவர் படிக்கச் சொன்னார். படிப்பு சொல்லித் தருகிறவள் பணிந்து போனேன். அவர் கணவர் கொல்லப்பட்டவர் என்று நாடறியும். என் கணவர் இன்னும் வழுக்கி விழுந்தவர்தான். அக்காவின் மகள் நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். என் மகள் 'விபத்து' என்று சொல்லித் தலைகுனிகிறாள்.

பின்வரிசையில் ஒரு தாய், "நீ என்னம்மா செய்வே, பாவம்" என்கிறார். வேண்டாம் தாயே. அன்று நான் மறுத்திருந்தால் அந்த மனிதர் அன்றே கூண்டில் நின்றிருப்பார். ஐந்தாண்டு கழித்து அக்காவின் கணவர் வீடு திரும்பியிருக்கலாம். அடித்த கை குற்றவாளி. பிடித்த கை குற்றவாளி. பொய் எழுதிய கை குற்றவாளி. பயந்து ஒப்பமிட்ட கையை என்னவென்று சொல்வது? சட்டம் என்ன சொல்லுமோ, நானறியேன். அன்று கடையில் இதை அக்காவிடமே சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அப்ப இப்பப் போய்ச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

சொல்லிவிட்டேன். என் கணவர் வழக்கைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். கொலைக்குக் காலக்கெடு கிடையாது என்கிறார் வழக்கறிஞர் ஐயா. வருகிற வியாழன் காலை பத்தரை, மூன்றாம் எண் நீதிமன்ற அறை. "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்பார்கள். ஆம் என்பேன். "ஏன் போட்டீர்கள்?" என்பார்கள். மகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் காதுபடச் சொல்லப்போகிறேன்.

அக்கா, உங்கள் மேல் எனக்கிருக்கும் பொறாமை இன்னும் ஆறவில்லை. வியாழக்கிழமை நீங்கள் பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது போதும். இவ்வளவு நேரம் ஒருத்தியின் வயிற்றெரிச்சலைப் பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி; வீடு திரும்ப வேண்டியவர்கள் எல்லோரும் நலமாய் வீடு திரும்பட்டும். வணக்கம்.