பாதியில் நிற்கும் முள்

– கதவை உப்பிடி அடிச்சுச் சாத்தாதையும், சாரு. அது கார், ஆட்டுப்பட்டி இல்லை.

– இந்தக் கதவை எனக்குத் தெரியும், சேர். நீங்கள் சொல்லுங்கோ, இவ்வளவு தூரம் ஓடிக் காட்டினியளே, மீற்றர் முள்ளு எதிலை நிண்டது?

– பக்கத்திலை இருந்து பாத்தனீர்தானே. பாதியிலை. எஞ்சினுக்குக் காத்து அடிக்கிற டேர்போ நல்லாய் இருந்த காலத்திலை காத்தமுக்கம் ஒண்டு வரைக்கும் ஏறும். இப்ப அரையோடை சரி.

– அதுதான் சைக்கிள்காரரும் எங்களை முந்திக்கொண்டு போகினம்.

– முப்பது வயசுக் கார். மூச்சு வாங்கத்தான் செய்யும். விடும். நாலு மணிக்கு உவன் றொகான் கொழும்புத்துறையிலையிருந்து வாறான். வாங்கிக்கொண்டு போகட்டும்.

– நீங்கள் 'விடும், விடும்' எண்டு சொல்லுறதுதான் எனக்குச் சந்தேகம். பதினொரு வருசம் பிள்ளை மாதிரி வைச்சிருந்திட்டு, கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசத்திலை விக்கிறியள். வந்தவள் விக்கப்பண்ணிப்போட்டாள் எண்டுதான் சனம் கதைக்கும்.

– சனத்துக்கு வேறை வேலை இருக்கு.

– எனக்கு இல்லை. இதைக் கழுவேக்கை மட்டும்தான் நீங்கள் பாட்டுப் பாடுறனீங்கள். நாலு மணிக்குள்ளை நான் பிழையைக் கண்டுபிடிச்சால் விக்கக்கூடாது. சரியோ?

– கண்டுபிடிச்சால் பாப்பம்.

– பாப்பம் இல்லை. ஓம் எண்டு சொல்லுங்கோ.

– ஓம்.

– அப்ப பொனற்றைத் திறந்துபோட்டு, மாமியின்ரை சாம்பிராணியையும் கொஞ்சத் தணலும் எடுத்துக்கொண்டு வாங்கோ.

– ஏன், காருக்கு நாவூறு கழிக்கப் போறீரோ?

– பழைய பெயின்ற் வாளிக்குள்ளை புகை போட்டு மூடி, சைக்கிள் பம்பாலை காத்துப் பைப்புக்குள்ளை அடிப்பம். எங்கையாவது வெடிப்பு இருந்தால் அந்த இடத்தாலை புகை வரும். சாவகச்சேரிக் கராச்சிலை அப்பா லொறியளுக்கு இப்பிடித்தான் பாக்கிறவர். நீங்கள் அடியுங்கோ, நான் பாக்கிறன்.

– ரியூசன் வாத்திக்கு வந்த வேலை. என்ரை பிள்ளையள் கண்டால் என்ன நினைப்பினம்?

– உயிரியல் சேர் சுவாசத் தொகுதி படிப்பிக்கிறார் எண்டு நினைப்பினம். இழுத்து அடியுங்கோ, காலமை ரண்டு நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டனீங்கள்தானே.

– எண்ணிக்கொண்டே இருந்தனீர்? சரி, புகை வருதோ?

– ஒரு மூட்டாலையும் வரேல்லை. பைப் எல்லாம் நல்லம். டேர்போவையும் விரலாலை சுத்திப் பாத்திட்டன், ஆட்டம் இல்லை. உங்களைவிட இது சுகமாய் இருக்கு.

– அப்ப வயசுதான். கையைக் கழுவும், நான் தேத்தண்ணி போடுறன்.

– நில்லுங்கோ. ரோச்சை இஞ்சாலை பிடியுங்கோ. இந்தச் சின்ன வால்விலை ஒரு குட்டி ஓட்டை இருக்கு, தெரியுதோ? அதாலை கொஞ்சக் காத்து வெளியிலை போகவேணும். அது அடைபட்டால் டேர்போ தனக்கு இவ்வளவு காத்துப் போதும் எண்டு நினைச்சுப் பாதியிலை நிண்டிடும்.

– ஓமோ. எனக்குத் தெரியாது.

– ரோச்சை ஏன் அங்காலை திருப்புறியள்?

– பம்ப் அடிச்ச கை, நோகுது.

– இதென்ன மஞ்சளாய்க் கிடக்கு? மணந்து பாருங்கோ.

– எனக்குத் தடிமன், மூக்கடைப்பு.

– சந்தனம், சேர். ஓட்டை முழுக்கச் சந்தனம்.

– அம்மாவாய்த்தான் இருக்கும். ஆயுதபூசைக்குத் தண்ணி மோட்டருக்கு, மிக்சிக்கு, என்ரை லப்டொப்புக்கும் பொட்டு வைச்சவ.

– மாமி வைக்கிற பொட்டு மேலாலை இருக்கும், குங்குமமும் இருக்கும். இது உள்ளுக்கை தள்ளி இறுக்கிக் கிடக்கு. நெருப்புக்குச்சி நுனி ஒண்டும் முறிஞ்சு நிக்குது. மாமிக்குப் பொனற் திறக்கவே தெரியாது.

– அது வந்து, சாரு...

– நெருப்புக்குச்சியாலை காது குடையிற பழக்கம் இந்த வீட்டிலை ஆருக்கு இருக்கு?

– எனக்கு.

– சொல்லுங்கோ.

– சிரிக்கக்கூடாது.

– கேட்டுப்போட்டு முடிவெடுக்கிறன்.

– கலியாணத்தண்டு கால்மாறி, உங்கடை வீட்டிலையிருந்து இஞ்சை வரேக்கை நான்தானே ஓடினனான். மாமா ஆக்கள் வானுக்குள்ளை பின்னாலை வந்தவை. நாவற்குழி நேர் றோட்டிலை உமக்குக் காரின்ரை வேகத்தைக் காட்டவேணும் எண்டு ஒருக்கா அமத்தினன். திரும்பிப் பாத்தால், நீர் ரண்டு கையாலையும் கதவுப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர். முகம் வெளிறிப்போச்சு. நல்லூர் வரைக்கும் கையை எடுக்கேல்லை. இந்தப் பிள்ளையை இனிப் பயப்படுத்தக்கூடாது எண்டு அப்பவே யோசிச்சன். அடுத்தநாள் விடிய, தட்டத்திலை மிஞ்சின கலியாணச் சந்தனத்தைக் கொண்டுபோய் அடைச்சன்.

– மூண்டு மாசமாய் மாட்டுவண்டில் மாதிரி ஓடிக்கொண்டு திரிஞ்சது இதுக்கோ?

– பிறகும் ஏறினவுடனை நீர் கதவைத்தானே பாக்கிறீர். அதுதான் விப்பம் எண்டு நினைச்சன். கார் இல்லாமல் நான் இருப்பன், சாரு. நீர் எனக்குப் பக்கத்திலை பயந்துகொண்டு இருக்கிறதைத்தான் பாக்க ஏலாது.

– றொகானுக்குப் போன் எடுத்து வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ.

– அப்ப உமக்குப் பயமில்லையோ?

– வேகத்துக்கு ஆர் பயந்தது? என்ரை கூறைச்சேலைத் தலைப்பு அகப்பட்டுக் கதவு சரியாய்ப் பூட்டேல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டு, சாவகச்சேரியிலையிருந்து உங்கடை வாசல் வரைக்கும் கதவை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்.