மேல்பல்லைப் பிடுங்கினால்...

இருட்டுக்குப் பயந்து இப்படி ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே... இது நடந்தது பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு. பாலக்கோட்டிலிருந்து பிரிந்து கரும்புக் காட்டு நடுவே போகும் ஒற்றைத் தார்ச்சாலை. உச்சி வெயில். ஒரு காக்காய்கூட இல்லை.

என்கூட வேலை பார்க்கும் பூவிழியின் சித்தப்பா மாதவராஜ், மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஒரே மகள் எழிலரசி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஒன்பது வயது. அப்பாவுக்கு அவள் 'கண்ணு'தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தை ஒட்டி, அவளுக்குக் கூடுதலாக இரண்டு பல் முளைத்திருந்தன. சோறு போய் அடைத்துக்கொள்ளும்... ஈறு வீங்கும்... சீழ் வைக்கும். மாத்திரை போட்டால் வற்றும், அடுத்த மாதம் மறுபடி வரும். வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நகர்ந்து உட்கார்ந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள்.

இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார் பல் டாக்டர். அம்மா ராதிகா சரி என்றாள். மாதவராஜ்தான் குறுக்கே நின்றார். மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று நம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் இல்லையா... டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"பொட்டப்புள்ளைங்க. புடுங்கினா கண்ணு போயிடும்ங்க," என்று கூட்டி வந்துவிட்டார். பாசம்தான், வேறென்ன.

அடுத்த வீக்கம் வற்றவில்லை. கன்னத்தில் ஏறி, கண்ணை மூடியது. தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீழ் மூளை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அவ்வளவுதான்.

அந்தச் சாலையில் மொபெட் திடீரென்று கனத்தது. பின் சீட்டு 'க்றீச்' என்று அமுங்கியது. பல்வலிக்கு அவள் வைத்துக்கொள்ளும் கிராம்புத் தைல வாசனை. அதற்கு அடியில், லேசாக, சீழ் வாடை... இடுப்பைச் சுற்றி ஒரு சின்னக் கை.

மாதவராஜுக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. திரும்பினால் போய்விடுவாளோ என்று ரோட்டையே பார்த்து ஓட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. வண்டி லேசாகிவிட்டது.

அப்புறம் ஒரு மாதம் தினமும் அதே நேரத்துக்கு அதே சாலையில் சுற்றினார். அவள் வரவில்லை. ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது விரலில் ஏதோ குத்தியது. அண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால்... நாற்பது தாண்டிய மனுஷனுக்குப் புதுப் பல்!

அது வீங்கி வலியெடுத்த அன்று மொபெட் மறுபடி கனத்தது. வீக்கம் வற்றிய அன்று சீட்டு காலி. அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்.

பிடுங்கிவிடச் சொல்லி ராதிகா காலில் விழுந்து அழுதாள்.

"புடுங்கினா கண்ணு போயிடும், ராதிகா," என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பூவிழி பார்க்கப் போயிருக்கிறாள். சித்தப்பாவின் முகம் ஒரு பக்கம் சுரைக்காய் அளவுக்கு வீங்கி, வலது கண் மூடிப்போயிருந்தது. வண்டி ஓட்டத் தெம்பில்லை, வாயைத் திறக்கவே முடியவில்லை. இவள் அறையை விட்டு வெளியே வந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

அப்போது, அவர் மட்டும் இருந்த அந்த அறைக்குள்ளிருந்து... ஒரு சின்னப் பெண் குரல். அழுகிற குரல்.

"வலிக்குதுல்லப்பா... போய் புடுங்கிக்கப்பா. நான் வரலன்னா பரவால்லப்பா..."

போனில் "சொல்லுங்க" என்கிறார்கள். கதவில் காதை ஒட்டி நின்றிருந்த ராதிகா, மெல்லத் திரும்பி, அந்தப் போனை வாங்கிக் கட் செய்தாள்.

"செத்த இரு, பூவிழி... புள்ள இன்னும் பேசிக்கிட்டு இருக்கா."