சகலையின் மேல்வரிசை

வறுத்த ஊலாங் தேயிலைக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆறவைத்து ஊற்றினால் இலை விரிந்து கொடுக்காது. முதலில் ஊற்றும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. இலையை அலசிக் கொட்டிவிடுவார்கள். விசாரணைக் குழுவில் இருக்கும் மூவருமே பல் மருத்துவர்கள் என்பதால் இந்த விவரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தேநீரில் தொடங்கினால்தான் பற்களுக்கு வந்து சேர முடியும்.

சகலை என்று நான் சொல்வது என் மனைவியின் தங்கையைக் கட்டியவரை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். 'இருந்தார்' என்று எழுதும்போது எனக்கும் வருத்தம்தான். அப்படி ஒரு குரல். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால் ஏதோ நமக்குச் சலுகை கொடுத்ததுபோல இருக்கும். ஆளும் அப்படித்தான். யார் மனமும் நோகப் பேசத் தெரியாது. அதை ஒரு குறையாக நான் ஆரம்பத்தில் நினைக்கவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை ஒரு தகர டப்பாவுடன் வந்தார். கப்பலில் வேலை பார்க்கும் நண்பர் சீனாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஊலாங் என்றார். இலைகள் கருகருவென்று முறுக்கிக்கொண்டு கிடந்தன, பழைய சைக்கிள் டியூபை நறுக்கிப் போட்டதுபோல. மூடி போட்ட ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் இலையைப் போட்டு, அலசிக் கொட்டி, மறுபடி ஊற்றி, நான்கு கோப்பைகளில் வடித்தார். எங்கள் கிளினிக்கில் வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் கப்பைவிடச் சிறிய கோப்பைகள்.

"பாதாம் வறுத்த மாதிரி வாசனை," என்றாள் கொழுந்தியாள்.

"எனக்குக் கடைசியில பிளம் பழம் வருது," என்றாள் என் மனைவி.

சகலை கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினார். "மழை நின்னப்புறம் வெயில்ல காயுமே கருங்கல்லு, அந்த மாதிரி. அப்புறம் தொண்டையில ஒரு இனிப்பு. தெரியுதா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சூடா இருக்கு," என்றேன்.

என் மனைவி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேல் கடைவாயில் நான் அடைத்துக் கொடுத்த பல் தெரியும் அளவுக்குச் சிரித்தாள்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது தீய்ந்த தண்ணீர். அது என் முயற்சிக் குறைவு என்றே நினைத்தேன். தராசு வாங்கினேன், வெப்பமானி வாங்கினேன். கேன் தண்ணீர், வடிகட்டிய தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து மறுபடி காய்ச்சிய தண்ணீர் எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். காபியை விட்டேன், வெங்காயத்தை விட்டேன். பற்பசை நாக்கை மரக்கச் செய்கிறது என்று எங்கோ படித்து அதையும் விட்டேன். இதை நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஒரே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு ருசி வரும் என்றார் சகலை. எனக்கும் வந்தது. முதலில் தீய்ந்த தண்ணீர், அப்புறம் கொஞ்சம் தீய்ந்த தண்ணீர், கடைசியில் வெறும் தண்ணீர்.

வார நாட்களில் நான் தேநீர் போட அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் மனைவி டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடுவாள். "ஞாயித்துக்கிழமை உங்க சகலை வரட்டும். உங்களுக்குப் போட்டா வீண்தானே?" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து நானே முதலில் வாயைத் திறந்தேன். "மரப்பட்டை," என்றேன். "ஈரமான மரப்பட்டை."

"நீங்க எப்போ மரப்பட்டை தின்னீங்க?" என்றாள் மனைவி. கொழுந்தியாளுக்குப் புரை ஏறிவிட்டது.

சகலை மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, சகலை சொல்றது சரிதான். லேசா இருக்கு," என்றார்.

எனக்காகப் பொய் சொன்னார். பல்லைக் காட்டிச் சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன். மனிதர் இரக்கப்பட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேல் வாய்க்கு முழுப் பல் செட் மாட்டினால் அதன் தகடு மேலண்ணத்தை மூடிவிடும். சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்று புது செட் மாட்டியவர்கள் எல்லாரும் வந்து புலம்புவார்கள்; போகப் போகப் பழகிடும் என்று நாமும் சொல்லி அனுப்புவோம். சகலையின் மேலண்ணத்தை மூடிவிட்டால் நானும் அவரும் சமம். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. குறுக்கே நின்றது ஒரு நடைமுறைச் சிக்கல்தான். அவருக்குப் பற்கள் இருந்தன.

அந்தச் சமயம் பார்த்து அவரே வந்தார். சூடாக டீ குடித்தால் மேலே ஒரு பல் கூசுகிறதாம். நாற்காலியில் படுக்க வைத்து விளக்கைப் போட்டேன். நான் பார்த்த வாய்களிலேயே அழகான வாய் அது. பாடப்புத்தகத்தில் போடலாம்.

"ஈறுக்குள்ள சீழ் பரவியிருக்கு சகலை," என்றேன். "வெளிய தெரியாது. வலிக்குதா?"

"இல்லையே. லேசா கூச்சம் மட்டும்தான்."

"அதான் பயமே. வலிக்கலைன்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம். மேல்வரிசை மொத்தமும் எடுத்தாகணும்."

நம்பிக்கைக்காக ஒரு எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினேன். அது வேறொருவருடையது. அந்த வேறொருவர் உரிய சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார்.

"நீங்க சொன்னா சரிதான்," என்றார் சகலை.

கடைவாயிலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கம் ஆறிய பிறகே அடுத்த பக்கம் போனேன். அவசரப்படவில்லை. என் தொழிலில் நான் அவசரப்பட்டதே கிடையாது. வேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று கொழுந்தியாள் நடுவில் கேட்டிருக்கிறாள். "வீட்டுலயே டாக்டரை வெச்சுக்கிட்டு வெளிய போனா சகலை மனசு என்ன பாடுபடும்?" என்று இவர் அதட்டியிருக்கிறார். அவர் சொன்னது சரி. வருத்தப்பட்டிருப்பேன்.

ஒன்றை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆட்டம் கண்ட பல்லை எடுப்பது வேறு. நல்ல பல்லை எடுப்பது வேறு. அவர் பற்கள் பாறையில் வேரோடியதுபோல நின்றன. குறடைப் பிடித்துப் பிடித்து என் வலது தோள் விட்டுப்போயிற்று. இன்றும் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. அவரிடம் ஒரு பைசா வாங்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே அவர் பையிலிருந்து ஒரு ஊலாங் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

செட் தயாரானது. தகடு கொஞ்சம் தடிமன்தான். மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவருக்கு 'ச' வரும் இடத்திலெல்லாம் விசில் வந்தது. "சற்று நேரத்தில்" என்று அவர் தொடங்கியதும் கார்டுதான் விசில் கொடுத்துவிட்டார் என்று நினைத்து ஒரு வண்டியை எடுத்துவிட்டார்களாம். யாருக்கும் அடி படவில்லை. அதன்பிறகு அவரைத் தொலைந்த பொருட்கள் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். "ஒண்ணும் குறையில்ல சகலை. நிறைய குடை வருது. விதவிதமா இருக்கு," என்றார்.

செட் மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு. வழக்கம்போல அவர்தான் வடித்தார். குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி குடித்தார்.

"ஒண்ணுமே தெரியல, சகலை," என்றார்.

"கருங்கல்," என்றேன் நான். "ஈரக் கருங்கல். பின்னாடி பிளம்."

யாரும் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் நிம்மதியாகக் கழிந்த மதியங்கள் என்று பார்த்தால் அதைச் சொல்லலாம். என் மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. தேநீரின் ஆவி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் எங்களுக்கு வடித்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் கையுடன் உட்கார்ந்திருப்பார். "என்ன வருது, சகலை?" என்று கேட்பார். நான் எதையாவது சொல்வேன். தோல், புகையிலை, பழைய அலமாரி. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இப்படியே போயிருந்தால் உங்களுக்கும் இந்தச் சிரமம் வந்திருக்காது.

ஒரு வாரம் அவரால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி, செட்டைக் கழற்றி, இலை அலசிய தண்ணீர் இருந்த கிண்ணத்தில் போட்டார். கன்னம் ஒட்டிப்போய், கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். கோப்பை உதட்டிலேயே நின்றது. நான் எழுந்து அவர் நாடியைப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

"ஐயோ, சகலை," என்றார். பல்லில்லாத குரல் காற்றாக வந்தது. "இவ்ளோ நாளா பல்லு குறுக்க நின்னிருக்கே. இது டீயே இல்ல. அந்தக் கல்லுக்குப் பின்னாடி ஒரு பூ இருக்கு. வெல்லம் காய்ச்சுற வாசனை இருக்கு. ஈறு முழுக்கப் பரவுது."

எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்க புண்ணியம்," என்று அழுதார். என் மனைவியும் அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "உங்க கை ராசியான கைதாங்க," என்றாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவோ ஆசை. அந்த நேரத்தில் காதில் விழவில்லை. பல் குறுக்கே நின்றிருக்கிறது என்று அவர் சொன்னது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அதுதானே நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் என் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டரைக் கூப்பிட்டு, என் மேல்வரிசை முழுவதையும் எடுக்கச் சொல்லி நாற்காலியில் படுத்தேன். கெட்டிக்காரப் பெண். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாமே நல்லா இருக்கே டாக்டர். எதுக்கு எடுக்கணும்?"

"சகலைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றேன்.

அவள் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். "நாம எடுத்தோமே, அவருக்கா?"

"நாம இல்லம்மா. நான். நீ லைட்டை மட்டும்தான் திருப்பிப் பிடிச்ச."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புகார் உங்களிடம் வந்தது அப்படித்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போகும்போது கிருமி நீக்கும் இயந்திரத்தை அணைக்காமல் போனாள். அதைக் கண்டிக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் நானே எடுத்துக்கொண்டேன். மரத்துப்போக ஊசி, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி, இடது கையில் குறடு. கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்பதால் ஆரம்பத்தில் சில தவறுகள் நடந்தன. எப்படியும் எல்லாவற்றையும் எடுக்கப்போகிறோம் என்பதால் அவை தவறுகளாக ஆகவில்லை.

கடைசிக் காயம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. ஒரு பிரதி சகலைக்கும் போயிருந்தது. என் மனைவி படித்துவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று, "இனிமே அந்த வாயால என் பேரைச் சொல்லாதீங்க," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மதியம் சகலை வந்தார். கையில் தகர டப்பா இருந்தது. செட் மாட்டியிருக்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மேலே ஒரு பல் கிடையாது.

"ஏன் சகலை?" என்றார்.

மறைக்க ஒன்றுமில்லை என்பதால் சொன்னேன். "அன்னைக்கு மரப்பட்டைன்னு நான் உளறினப்போ, இருக்குன்னு எனக்காகப் பொய் சொன்னீங்களே. அதான்."

அவர் புரியாமல் பார்த்தார். "இருந்துச்சே," என்றார். "நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. இவருக்கு என்ன நாக்குன்னு வீட்டுல போய் அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

தண்ணீர் கொதித்துவிட்டது என்றேன். எழுந்து போய் அவரே எடுத்துவந்தார். அலசிக் கொட்டினார், ஊற்றினார், வடித்தார். என் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன்னுடையதை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் கெடுத்தவன் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. எனக்கும் தெரிந்துவிட வேண்டுமே என்ற தவிப்புதான் இருந்தது. குடித்தேன். ஈறு முழுக்கப் பரவவிட்டேன். அவர் செய்வதுபோலக் கண்ணையும் மூடினேன்.

"தீஞ்ச தண்ணி, சகலை," என்றேன். தேநீரின் ருசியைப் பற்றி அவரிடம் நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். டப்பாவை எடுத்துப்போகவில்லை.

ஆகவே குழுவினருக்கு நான் தெரிவிப்பது: என் சகலையின் மேல்வாய்ப் பற்கள் அனைத்தும் நோயற்றவை. அவற்றை நான் தெரிந்தே, திட்டமிட்டே, ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். ஜூனியருக்கு இதில் பங்கில்லை. என் உரிமத்தை நீங்கள் ரத்து செய்தால் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

ஆனால் இந்தச் சில நாட்களாக நிதானமாக யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. குடிக்கும் தேநீர் போய்த் தங்குவது நாக்கில். நாக்கைச் சுற்றி வேலி கட்டியதுபோல நிற்பது கீழ்வரிசை. மேலே எடுத்துப் பயனில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். நான்தான் தப்பான வரிசையில் தொடங்கிவிட்டேன். சகலைக்குக் கீழ்ப் பற்கள் இருந்தும் ருசி தெரிகிறதே என்று கேட்பீர்கள். அவருடையவை குட்டை.

கீழே உள்ளவற்றைக் கண்ணாடி பார்த்து நானே எடுக்க என் இடது தோளும் இனி இடம் கொடுக்காது. நீங்கள் மூவருமே அனுபவசாலிகள். விசாரணை முடிந்த பிறகு உங்களில் யாருக்காவது ஒரு ஞாயிறு மதியம் ஒழியுமானால் சொல்லி அனுப்புங்கள்; குறடு என்னிடம் இருக்கிறது, நீங்கள் வெறும் கையோடு வந்தால் போதும்.