மூணு காலுக்கு மேல வாங்காத டப்பா

– அப்புறம்? அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு பிரிஸ்கில்லா.

– இருங்க, மூச்சு விட்டுக்கறேன். ஆம்பூர்ல ரயில் ஏறினதுலருந்து அப்புறம் அப்புறம்னு...

– வாணியம்பாடிலருந்து உனக்காக இந்த ஜன்னலோரத்துல கைக்குட்டை போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு பேர்கிட்ட சண்டை வேற. அதுக்காவது சொல்லக்கூடாதா?

– உக்காந்துட்டேன். ரொம்ப தேங்க்ஸ், நத்தானியேல் சார்.

– கட்டின புருஷனை சார்ங்கற. முதலாளி வந்து பாத்தாரா, இல்லையா?

– வந்தார். முதலாளி ஜியாவுல்லா சாஹிப் மட்டுமில்ல, மெட்ராஸ் பெரியமேடு ஆபீஸ்லருந்து தௌசீப் அகமது சாரும் வந்தார். ரெண்டு பேரும் நம்ம கம்ப்யூட்டர் ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க.

– நம்ம ரூம்லயா! எட்டிக்கூடப் பாக்காத மனுஷன் ஆச்சே... நான் வருஷக்கணக்கா ஃபாக்ஸ்ப்ரோல ப்ரோக்ராம் எழுதி மாரடிச்சப்ப ஒரு நாள் வந்திருப்பாரா?

– இன்னிக்கு வந்தார். நீங்களும் இருந்திருக்கலாம்.

– எனக்கு வாணியம்பாடி யூனிட்ல பிரிண்டர் வேலை இருந்துச்சேம்மா.

– அந்தப் பிரிண்டர் எப்பவோ படுத்துடுச்சுங்க. இன்னிக்குத்தான் போவேன்னு நீங்களே கேட்டு வாங்கிட்டுப் போனீங்க.

– சரி... அதை விடு. உன் டப்பாவைக் காட்டினியா?

– டப்பாவா?

– உன் டப்பாதான். டேனரி பூரா அதே பேச்சாச்சே. ஸ்கிரீன்ல ஒரு கட்டம். அதுல பெருசா ஒரு நம்பர், தலைமேல சின்னதா இன்னொரு நம்பர். இதுக்குப் போய் கஸ்டம் கண்ட்ரோல்னு ஒரு பேரு.

– தோல்ல எப்டி எழுதறாங்களோ, அப்டியே ஸ்கிரீன்லயும் வரட்டும்னு செஞ்சேங்க. பாஷா பாய் தோலை அளந்து அஞ்சு போட்டு, மேல சின்னதா மூணு போட்டா அஞ்சே முக்கால் சதுர அடி. ரெண்டு போட்டா அஞ்சரை. டைப் அடிக்கற பொண்ணு அதைப் பாத்து அப்டியே அடிச்சா போதும், மண்டையை உடைச்சுக்க வேணாம்.

– எனக்கே பாடம் எடுக்கறியா? இந்தக் கால் கணக்கை உனக்கு சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

– நீங்கதான். இல்லன்னு யாருங்க சொன்னா?

– யாரும் சொல்லலை. அதாம்மா பேஜாரு. என்னைப் பத்தி நல்லதும் சொல்றதில்ல, கெட்டதும் சொல்றதில்ல. அக்கவுண்ட்ஸ் வேலாயுதம் என்னை நிறுத்தி வெச்சு, "உங்க மிஸ்ஸஸ்க்கு இன்னா மூளை சார்"ங்கறார். பாஷா பாய் கேண்டீன்ல எனக்கு டீ வாங்கிக் கொடுத்துட்டு, டீ ஆறற வரைக்கும் உன் பெருமையே பேசறார்.

– டீயைக் குடிச்சீங்களா, இல்லையா?

– குடிச்சேன். கசந்துச்சு.

– சக்கரை கம்மியா இருந்திருக்கும்ங்க.

– சிரிக்காத.

– சிரிக்காம? பொறாமைங்க உங்களுக்கு. மூக்கு நுனில தெரியுது.

– சொந்தப் பொண்டாட்டி மேல யாருக்காவது பொறாமை வருமாம்மா?

– வருமான்னுதான் நானும் கொஞ்ச நாளா பாத்துட்டு வர்றேன்...

– நான் சொல்றது வேற. சாதா டெக்ஸ்ட் பாக்ஸ் போதும். தப்பா அடிச்சா, சேவ் பண்றப்ப மெசேஜ் வரும். நான் அப்டித்தான் செஞ்சு வெச்சிருந்தேன். அதுல இன்னா குறை?

– சேவ் பண்றதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒரு கட்டு தோலை அடிச்சு முடிச்சிருக்கும். எந்தத் தோல்ல தப்புன்னு திரும்ப மொதல்லருந்து தேடணும். ஷஹீன் பானு ஒரு நாள் கீபோர்டு மேல தலையை வெச்சு அழுதாளே, மறந்துட்டீங்களா?

– அவளுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை. ஆமாம்மா, உன்து அங்கயே பிடிச்சுடும். கட்டம் செவப்பாயிடும், கர்சர் நகராது. ஒத்துக்கறேன், போதுமா?

– நாலு கால் சேந்தா முழு அடி ஆயிடும். அப்ப மேல எழுதற நம்பர் மூணைத் தாண்டவே கூடாதுல்ல? அதான், நாலு அடிச்சாலே நின்னுடற மாதிரி வெச்சிருந்தேன்.

– தெரியும், தெரியும். காது புளிச்சுப் போச்சு.

– அது இன்னிக்கு நிக்கலைங்க.

– எது?

– டப்பாதாங்க.

– நிக்கலையா? எல்லார் எதிர்லயுமா? ஐயையோ... விவரமா சொல்லு.

– மொதல்ல ஷஹீன் பானு அடிச்சா. கை பறந்துச்சு. ஒரு இடத்துல கூட தடுமாறலை. தௌசீப் சார் "பஹுத் அச்சா"ன்னார்.

– அவருக்கு எது காட்டினாலும் அச்சாதான்.

– அப்புறம் சாஹிப், "நகரும்மா, நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்"னு அவரே உக்காந்தார். ஒத்தை விரலால அஞ்சு அடிச்சார். மேல ஏழு அடிச்சார்.

– வேணும்னே தப்பா அடிச்சிருக்கார்.

– தப்பை வாங்காதுன்னுதானே அவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தோம். வாங்கிக்கிச்சுங்க. செவப்பும் ஆகலை, ஒரு சத்தமும் இல்ல. ஏழு காலையும் கூட்டி, அஞ்சடி ஆட்டுத்தோலை ஆறே முக்கால்னு மொத்தக் கணக்குல கொண்டு போய் வெச்சிடுச்சு.

– அடடா...

– "என்னம்மா, செத்த ஆடு உங்க கம்ப்யூட்டருக்குள்ள வளருது"ன்னார் சாஹிப். ரூமே சிரிச்சுது.

– வேலாயுதமும் சிரிச்சாரா?

– அவருந்தான்.

– மூளைன்னு புகழ்ந்த வாய்தானே அது. பாத்தியா? மனுஷங்களை நம்பவே கூடாது.

– உங்களுக்கு இப்ப மனசு ஆறிடுச்சா?

– இன்னாம்மா இப்டி கேக்கற? மதியம் சாப்டியா? யோவ், மல்லாட்டை, இங்க ஒரு பொட்டலம் கடலை குடு! இந்தா, இதைக் கொஞ்சம் வாயில போடு.

– எனக்கு வேணாங்க. நீங்க சாப்பிடுங்க. இன்னிக்கு உங்களுக்கு நல்லாப் பசிக்கும்.

– எனக்கு எதுக்குப் பசிக்கும்? சரி, கேளு. கஸ்டம் கண்ட்ரோல்னா இப்டித்தான். ஆரம்பத்துலருந்து நம்ம கையால செய்யறோம். எங்கயோ ஒரு வரி விட்டுப் போய்டும், நமக்கே தெரியாது. ரெடிமேடை எடுத்துப் போட்டா இந்தத் தொல்லையே இல்ல. நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

– விட்டுப் போகலைங்க. முந்தாநாள் பாஷா பாய் வேணும்னே தப்பு தப்பா அடிச்சு என் உயிரை எடுத்தார். ஒண்ணு கூட உள்ள போகலை.

– அப்ப கண்ணு பட்டிருக்கும்மா. ஊரே வாயைப் பொளந்து பாத்துச்சுல்ல.

– யார் கண்ணுங்க?

– யார் கண்ணுன்னா... பொதுவா சொன்னேன்.

– நேத்து சாயங்காலம் நான் கீழ, தோல் அளக்கற இடத்துக்குப் போயிருந்தேன். நீங்க ரூம்லதானே இருந்தீங்க? என் மெஷின்ல யாராவது உக்காந்தாங்களா?

– நேத்தா? நான்... இருந்தேன். யாரும் உக்காந்த மாதிரி தெரியலையே.

– நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல, காட்பாடி வர இன்னும் நேரம் இருக்கு.

– ஹுமேரா உக்காந்திருப்பாளோ இன்னாவோ. புதுசா வந்த பொண்ணு, ஏதாவது தட்டி வெச்சிருக்கும்.

– ஹுமேரா நேத்து வரவே இல்லைங்க. மேல்விஷாரத்துல அவ அக்காக்கு நிச்சயம். லீவு கொடுத்ததே நீங்கதான்.

– ஓ... ஆமாம்ல. அப்ப வைரஸா இருக்கும். எல்லாரும் ஃப்ளாப்பியைக் கொண்டாந்து கொண்டாந்து சொருகறாங்களே.

– அத்தனை வரி இருக்கு. கரெக்டா அந்த ஒண்ணைப் பாத்துக் கடிக்கற வைரஸா?

– எனக்கு இன்னாம்மா தெரியும்? என்னைப் போட்டு ஏன் குடையற? நான் அங்க இல்லவே இல்லையே. ... அது போகட்டும். பெரியமேடு கதை இன்னா ஆச்சு?

– எது?

– தெரியாத மாதிரி கேக்காத. இது நல்லா ஓடினா, எழுதின ஆளை பெரியமேட்டுக்கு அனுப்பி, எல்லா யூனிட்டுக்கும் செஞ்சு தர வெக்கப் போறாங்கன்னு வேலாயுதம் தமுக்கு அடிச்சுட்டாரே. போன ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல பாஸ்டர் ஐயா என் தோள்ல கை போட்டு, "பிரிஸ்கில்லா மெட்ராஸ் போச்சுன்னா நீ ரசம் வெக்கக் கத்துக்கணும் தம்பி"ன்னார். சுத்தி நின்னவங்க எல்லாம் ஒரே சிரிப்பு.

– நீங்களும் சேந்துதானே சிரிச்சீங்க?

– பல்லைக் காட்டினேன். உள்ள எப்டி எரிஞ்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். இந்தக் கம்பெனிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தவன் நான். முதலாளி ரூம் வாசல்ல நின்னு, "என் வீட்டுக்காரிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டவன் நான். நீ பெரியமேட்டுல ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஆர்டர் போடுவ, நான் பாகாயத்து வீட்ல தனியா சோறு வடிக்கணும்... இல்ல?

– இப்ப சொன்னீங்க பாருங்க. இதை வீட்ல ஒரு நாள் வாயைத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா...

– சொல்லியிருந்தா?

– ஒண்ணுமில்ல. சாஹிப் கடைசியா இன்னா சொன்னார்னு கேளுங்க. "கண்ட தப்பையும் உள்ள விடற டப்பாவை எழுதின ஆளு பெரியமேட்டுக்கு வேணாம். இங்கயே கிடக்கட்டும். இனிமே பெரிய வேலை எதுவும் கையில கொடுக்காதீங்க"ன்னார்.

– அப்டியேவா சொன்னார்? உன் மூஞ்சிக்கு நேராவா?

– என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னார்.

– அழுதியா?

– அழலை.

– விடும்மா. இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு. நான் இருக்கேன்ல? ... அப்ப, பெரியமேட்டுக்கு யாரை அனுப்பப் போறாங்களாம்?

– அவர் இன்னும் சொல்லலை.

– சொல்றதுக்கு இன்னா இருக்கு? ப்ரோக்ராம் எழுதறது நாம ரெண்டு பேர்தான். நீ இல்லன்னு ஆயிடுச்சு... நான் ஒண்ணும் அலையலை. ஆனா கூப்ட்டா, மாட்டேன்னு சொல்ல முடியுமா?

– எப்டிங்க சொல்ல முடியும்?

– அதான். நான் மட்டுமா போகப்போறேன்? உன்னையும் கூட்டிட்டுத்தானே போவேன். புரசைவாக்கம் பக்கம் ஒரு வீடு பாத்துக்கலாம். உன் டப்பாவையும் நானே உக்காந்து சரி பண்ணிக் கொடுத்துடறேன், கவலைப்படாத. புருஷன் போனா இன்னா, பொண்டாட்டி போனா இன்னா? குடும்பம் ஒண்ணுதானே.

– குடும்பம் ஒண்ணுதான். போன வாரமே நானும் இதைத்தான் நெனச்சேன்.

– போன வாரமா? போன வாரம் இன்னா?

– சாஹிப் என்னை ரூமுக்குக் கூப்ட்டு, இந்த டப்பாவை எழுதினது யாரும்மான்னு கேட்டார். நீங்கன்னு சொன்னேன்.

– இன்னா... இன்னா சொன்ன?

– "என் வீட்டுக்காரர் எழுதினது. நான் கூட இருந்து டைப் அடிச்சேன், அவ்ளோதான்"னு சொன்னேன். வேலாயுதம் சார், பாஷா பாய் எல்லார்கிட்டயும், இன்னிக்கு வரைக்கும் வாயைத் தொறக்காதீங்கன்னு கெஞ்சி வெச்சேன்.

– ஏன்... ஏன் பிரிஸ்கில்லா அப்டி சொன்ன?

– நீங்க சரியா சாப்பிடறதில்ல. முகம் கொடுத்துப் பேசறதில்ல. எனக்கு டப்பா பெருசா, நீங்க பெருசாங்க? சாஹிபே கூப்ட்டு உங்களைப் பெரியமேட்டுக்குப் போகச் சொல்லுவார், நீங்க சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவீங்கன்னு நெனச்சேன்.

– அப்ப, அந்த ஆளு வேணாம்னு சாஹிப் சொன்னது...

– "நத்தானியேல் வேணாம்"னு சொன்னார். பேரை மட்டும் நான் முழுங்கிட்டேன்.

– அடிப்பாவி! என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! என் பேரைச் சொல்லி வெச்சவ, டெமோக்கு முன்னாடி ஒரு தடவை தப்பா அடிச்சுப் பாக்கக்கூடாதா? போறது என் மானம்னு உனக்குத் தெரியும்ல? காலைல ஒரே ஒரு தடவை செக் பண்ணியிருக்க வேணாமா?

– பண்ணேங்க. காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடியே தொறந்து பாத்தேன். மூணைத் தாண்ட விடாத அந்த ஒரு வரிக்கு முன்னாடி சின்னதா ஒரு குறி போட்டு, மெஷின் அதைப் படிக்காம தாண்டிப் போற மாதிரி நீங்க பண்ணி வெச்சிருந்தீங்க. அது மட்டும் தனியா பச்சை கலர்ல நின்னுச்சு. குறியை எடுத்துட ஒரு தட்டு போதும். விரலும் கிட்ட போச்சுங்க... அவர் பேர்ல இருக்கறது அவர் எழுதினபடியே இருக்கட்டும்னு, அப்டியே விட்டுட்டேன்.