மூணு நாள் இருட்டு

வீட்டுல உப்புத்தண்ணி மீன் தொட்டி வெச்சிருக்கறவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி மேடம். ஒரு பவளம் கட்டை விரல் அளவு வளரவே வருஷக்கணக்கா ஆகும். அவசரக்காரனுக்கு அது சரிப்படாது. எனக்குக் கோவமும் வராது. என் மனைவியே கேப்பா, "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"ன்னு.

கண்ணாடிக் கடையில பார்வை அளக்கற வேலை எனக்கு. அளந்து பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன். தொட்டியில நைட்ரேட் ஏறினப்பவும் யார் மேலயும் பழி போடல. வழக்கமா அஞ்சுல நிக்கும். நாலே மாசத்துல எண்பது. பாறை பூரா பச்சை முடி மாதிரி பாசி மண்டிப் போச்சு. பவளம் ஒண்ணொண்ணா சுருங்கிக்கிச்சு. தண்ணி மாத்தினேன். கழிவை நுரையா பிரிச்செடுக்கற மெஷின் பெருசா வாங்கிப் போட்டேன். பல் தேய்க்கற பிரஷ்ஷால உட்கார்ந்து சுரண்டினேன். ஒரு வாரம் நல்லா இருக்கும், மறுபடி மண்டிடும். பதினோரு வருஷம் வளர்த்தது கண்ணு முன்னால போச்சு மேடம். அந்தப் பயம் வெச்சிருந்தவனுக்குத்தான் தெரியும்.

போடற தீனி மிஞ்சி அழுகினா நைட்ரேட் ஏறும். நைட்ரேட் ஏறினா பாசி. அவ்வளவுதான் விஷயம். அப்ப யார் தீனி போடறாங்கன்னு பார்த்தேன். மாமா.

என் மாமனார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி கேன்டீன்ல தலைமைச் சமையல்காரரா இருந்தவர். ஞாபகம் தப்ப ஆரம்பிச்சதும் மனைவி வீட்டோட கூட்டிட்டு வந்துட்டா. யாரும் பசியா இருக்கக் கூடாது அவருக்கு. மீனையெல்லாம் பசங்கன்னுதான் சொல்வார். "பசங்க சாப்பிட்டாங்களா மாப்ளே?"ம்பார். சாப்பிட்டாங்க மாமாம்பேன். பத்து நிமிஷத்துல மறந்துட்டு ஒரு பிடி அள்ளிப் போடுவார். தீனி டப்பாவை ஒளிச்சு வெச்சா பிஸ்கட். ஒரு நாள் அவிச்ச முட்டை. தோலை உரிச்சுத்தான் போட்டார், அவ்வளவு பொறுப்பு. மனைவிகிட்ட சொன்னேன். "அவர் குழந்தை மாதிரிங்க, விடுங்க"ன்னா.

பாசிக்கு ஒரு வைத்தியம் இருக்கு. மூணு நாள் இருட்டு. விளக்கை அணைச்சுட்டு தொட்டியைக் கறுப்புத் துணியால பொட்டு வெளிச்சம் படாம மூடணும். பாசி செத்துடும், பவளம் தாங்கிக்கும். நடுவுல திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, அதுதான் கண்டிஷன். முதல் தடவை பண்ணினப்ப ரெண்டாம் நாளே மாமா துணியை இழுத்துப் போட்டு விளக்கைப் போட்டுட்டார். "இருட்டுல பசங்க பயப்படுவாங்க மாப்ளே"ன்னார். அவரே விளக்கில்லாம தூங்க மாட்டார்.

மனைவி ஸ்கூல் டீச்சர். போன திங்கக்கிழமை டிரெய்னிங்னு நாலு நாள் வெளியூர் போனா. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொட்டியை மூடினேன். மாமாவை அவர் ரூம்ல உட்கார வெச்சு வெளியே பூட்டினேன். பிரெட், பிஸ்கட், ரெண்டு பாட்டில் தண்ணி, உள்ளேயே பாத்ரூம். லாட்ஜ்ல கூட அவ்வளவு வசதி கிடையாது.

கதவுக்கு மேல ஒரு கண்ணாடி உண்டு. அதுல வந்த வெளிச்சம் தொட்டி இருக்கற ஹால்ல விழுந்துச்சு. அட்டை வெச்சு அடைச்சேன். ஜன்னல் ஷட்டரை வெளியே இருந்து இறக்கிப் பூட்டினேன். அப்புறம் அந்த ரூம் ஃபியூஸையும் பிடுங்கிட்டேன்.

சாயங்காலம் தட்டினார். "மாப்ளே, கரண்ட் போச்சு போல"ன்னார். இப்ப வந்துடும் மாமான்னேன். "நீங்க பார்த்து நடங்க, எங்கயாவது இடிச்சுக்கப் போறீங்க"ன்னார். அதுதான் மேடம் காதுலயே நிக்குது.

மனைவி தினமும் போன் பண்ணினா. அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டா, சாப்பிட்டார்னேன். நெஞ்சு மாத்திரை குடுத்தீங்களான்னு கேட்டா, குடுத்தேன்னேன். மாத்திரை ஃபிரிட்ஜ் மேலயே இருந்துச்சு. குடுக்கணும்னா கதவைத் திறக்கணும்.

ரெண்டாம் நாள் காலையில அவர் மகளைக் கூப்பிட்டார். அப்புறம் தன்னைப் பெத்த அம்மாவைக் கூப்பிட்டார். உள்ளே ஏதோ விழுந்து உடைஞ்சுது. மத்தியானத்துக்கு மேல சத்தமே இல்ல. அப்பதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு. ஹால்ல தொட்டி மோட்டார் மட்டும் ஓடுது, நான் உட்கார்ந்திருக்கேன். சத்தம் போட்டாலும் பயமா இருந்துச்சு, போடலைன்னாலும் பயமா இருந்துச்சு. தூங்கறார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நேத்து ஸ்டேஷன்ல நீங்க கேட்டீங்களே, தொட்டி மேலதான் துணி இருந்துச்சே, அப்புறம் அந்த ரூம்ல எதுக்கு இருட்டுன்னு. ராத்திரி பூரா யோசிச்சேன். நான் ஒரு எறும்பைக் கூட நசுக்க மாட்டேன், அதை எழுதிக்கோங்க.

வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்குத் தட்டினார். ஒரே ஒரு தடவை, கீழ தரைகிட்ட இருந்து. கதவுகிட்ட போய் நின்னேன். சாவி கையிலதான் இருந்துச்சு. அவர் மூச்சு விடறது கேட்டுச்சு, கரகரன்னு. உயிரோட இருக்கார்னு தெரிஞ்சுதான் அங்க நின்னேன், அதை மறைக்கல. மூணு நாள் முடிய இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி. வெளியே வந்தா முதல்ல தொட்டிகிட்டதான் போவார். சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டேன்.

சொன்னா சொன்ன நேரம் மேடம் நான். ரெண்டு மணிக்குத் திறந்துட்டேன். கதவோரத் தரையிலயே கிடந்தார், மூச்சு இல்ல. ஒரு நிமிஷம் கூட அவரைக் காக்க வைக்கல.