நாய்கள் திரண்டு வந்து கெடுத்த மனு

எதிர்ப்பு மனு எழுதுவதில் எவருக்கும் சளைக்காத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கூட்டத்தைக் காலையிலேயே வைத்திருக்கலாமே என்று முணுமுணுக்கும் தம்பிகளே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

நகராட்சியின் நிலப் பயன்பாட்டு விதிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அங்கே யாரோ கொட்டாவி விடுகிறீர்கள். விடுங்கள் அம்மா, நானும் விட்டவள்தான்.

நகரத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. வீடுகளுக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம், தொழிற்சாலைகளுக்கு ஒரு நிறம். எதற்கு? உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இரும்புப் பட்டறை வரலாமா? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கிடங்கு வரலாமா? கூடாது என்றுதான் அந்த நிறங்கள் காவல் நிற்கின்றன. மண் நம்முடையது, மனை நம்முடையது, மதிலும் நம்முடையது. ஆனால் சத்தமும் புகையும் மதிலோடு நிற்பதில்லையே!

என் நாத்தனார் கால்நடை மருத்துவர். அவள் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டு முன்னறையிலேயே கிளினிக் நடத்தலாம் என்று பார்த்தால், எங்கள் தெருவோ குடியிருப்பு நிறம். அனுமதி கிடைக்காவிட்டால் ஊரைவிட்டே போக வேண்டும்.

"என் வீடு, என் ரூம். இதுக்கு நான் யாரைக் கேக்கணும் அண்ணி?" என்றாள்.

"ஊரைக் கேக்கணும்டி" என்றேன்.

கேட்பதற்கு வழிகள் உண்டு. மனையின் நிறத்தையே மாற்றக் கேட்கலாம். அது பெரிய வேலை, நகர்மன்றமே கூட வேண்டும். நிறம் அப்படியே இருக்கட்டும், இந்த ஒரு உபயோகத்துக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி கொடுங்கள் என்றும் கேட்கலாம். அவள் இப்படித்தான் கேட்டாள். விண்ணப்பம், பத்திர நகல், வீட்டு வரைபடம் எல்லாம் போயின. 'ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

வந்தது ஆட்சேபம்! எங்கிருந்து? பக்கத்து வீட்டிலிருந்து! எழுதியவர்... தலைவர் அவர்களே, நீங்கள் தண்ணீர் குடியுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். 'நாய் குரைத்தால் தாங்காது' என்று எழுதியிருந்தார்.

அடுத்த கட்டம், அதிகாரி இடத்தைப் பார்க்க வருவது. தெருவே பொங்கி எழுந்தது. "டாக்டரம்மாவுக்கு நம்ம ஆதரவைக் காட்டணும்!" எப்படிக் காட்டினோம்? ஆளுக்கொரு நாயோடு வந்து நின்றோம்! கூடையில் பூனை, கூண்டில் கிளி! பூனையைப் பார்த்து நாய் குரைக்க, நாயைப் பார்த்துக் கிளி கத்த, கிளியை அடக்க மனிதர்கள் கத்த... அதிகாரி காரை விட்டே இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"அமைதியான கிளினிக்னு எழுதியிருந்தீங்களே. இதுதானா?"

கிளியைக் கொண்டுவந்தவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். கையை இறக்குங்கள் ஐயா!

"போச்சு அண்ணி. பாசத்தைக் காட்டியே என்னைக் கவுத்துட்டாங்க" என்று நாத்தனார் சிரித்தாள். ஆனால் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் சிரிப்பு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரைத் திரட்டினோமே, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோமா? மனு கொடுத்தோமே, மனிதரைக் கேட்டோமா? இருவரும் போனோம். கதவைத் திறந்த தலைவர் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசுங்கம்மா. என் சம்சாரம் தூங்கறா. ஆஸ்பத்திரில நைட் டூட்டி. பகல்ல தூங்கினாத்தான் உண்டு."

"எப்ப சார் எழுந்திருப்பாங்க?" என்றாள் நாத்தனார்.

"மூணு ஆகும்."

"அப்ப நான் நாலு மணிக்கு மேலதான் திறப்பேன்."

தலைவர் தலையைச் சொறிந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏம்மா பேப்பரை வீணாக்கறேன்?"

நகராட்சி விசாரணை நாளில் அவரே எழுந்து, மாலையில் என்றால் ஆட்சேபமில்லை என்றார். மாலையில் மட்டும், முன்பதிவோடு, ஒரு நேரத்துக்கு ஒரு பிராணி என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. நாத்தனார் ஊரிலேயே இருக்கிறாள்.

அன்பர்களே! இப்போது நகராட்சி வரைபடத்தைத் திருத்துகிறது. கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள்! எதிர்க்க வேண்டுமா, எதிர்த்தும் எழுதுங்கள்! ஆனால் அலுவலகப் படி ஏறுமுன் அடுத்த வீட்டுப் படி ஏறுங்கள்!

கூட்டம் ஏன் காலையில் இல்லை என்று கேட்டீர்களே தம்பிகளே? காரணம் இரண்டாம் வரிசையில், நன்றாகத் தூங்கி எழுந்து, மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கிறார். முதல் நன்றி அவருக்கு. கண்விழித்துக் கேட்ட உங்களுக்கு அடுத்த நன்றி. வணக்கம்!